நான்கு லூப்பும் ஒரு தலையணை உறையும்

"நாலாவது மாடிக்கு ஒரு தலையணை உறை குறையுது" என்றார் சலவைப் பிரிவின் பொறுப்பாளரான அக்கா.

அவள் சீட்டை வாங்கிப் பார்த்தாள். நான்காவது மாடி, முப்பத்தெட்டுப் படுக்கை. விரிப்பு முப்பத்தெட்டு. போர்வை முப்பத்தெட்டு. தலையணை உறை முப்பத்தெட்டு.

"முப்பத்தெட்டு இருக்குங்களே." இதைச் சொல்வதற்கு மனதுக்குள் இரண்டு முறை ஒத்திகை பார்த்திருந்தாள்.

"எண்ணிக்கைல இருக்கு. ஆனா குறையுது."

"எப்படிங்க?"

"அதத்தான் நீ கண்டுபிடிக்கணும். நீதானே மேல இருந்து வந்திருக்க?"

அக்காவுக்குப் பின்னால் நான்கு பேர் வேலையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள். தள்ளுவண்டிக்காரர், விரிப்பு மடிக்கிற இரண்டு பெண்கள், மூலையில் இஸ்திரிக்காரர். ஒருவர் பார்த்தாலே அவளுக்குக் காது சிவந்துவிடும். நான்கு பேர் என்றால் கேட்கவே வேண்டாம். "சரி பண்ணிட்டு வரேங்க" என்று சீட்டோடு லிஃப்டுக்கு ஓடினாள். தான் போனது கையெழுத்து வாங்கத்தான் என்பது மூன்றாவது மாடியைத் தாண்டும்போதுதான் ஞாபகம் வந்தது.

அது ஆறு மாடி மருத்துவமனை. தரைக்குக் கீழே சலவைப் பிரிவு, உச்சியில் கம்ப்யூட்டர் பிரிவு. இரண்டுக்கும் நடுவில் எல்லா நோயும் இருந்தன. தினமும் காலையில் கீழே ஒரு பிரிண்டர் சீட்டு ஒன்றை அச்சடிக்கும். எந்த மாடிக்கு எத்தனை விரிப்பு, எத்தனை உறை, எத்தனை துண்டு; அதற்கடியில் அறைவாரியான பட்டியல். அதைப் பார்த்து வண்டியில் அடுக்கி மேலே அனுப்புவார்கள்.

சீட்டைப் போடுகிற புரோகிராமுக்குப் பதினொரு வயது. மாடி மாடியாகப் போ. ஒவ்வொரு மாடியிலும் அறை அறையாகப் போ. ஒவ்வொரு அறையிலும் படுக்கை படுக்கையாகப் போ. ஒவ்வொரு படுக்கையிலும் துணி துணியாக எண்ணு. ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு லூப். உள்ளே போகப் போக வரிகள் வலப்பக்கம் நகர்ந்துகொண்டே போய், கடைசி வரி திரையின் ஓரத்தில் சுவரோடு ஒட்டி நின்றது.

பிரிவுத் தலைவர் இரண்டு நாள் பயிற்சி ஒன்றுக்குப் போய்விட்டு வந்தார். வந்ததிலிருந்து அவருக்கு லூப்பைக் கண்டால் ஆகவில்லை.

"யாரும்மா இன்னும் லூப்புக்குள்ள லூப் போடறது? உள்ள போனவன் வெளிய வர வழி தெரியாம நிக்கறான். எல்லாத்தையும் ஸ்ட்ரீமா மாத்து. தண்ணி மாதிரி ஓடணும்."

அவள் மாற்றினாள். எல்லாப் படுக்கைகளையும் ஒரே வரிசையில் ஓடவிட்டாள். ஆளில்லாததை வடிகட்டினாள். மிச்சமிருந்த ஒவ்வொரு படுக்கையையும் அதற்கு வேண்டிய துணிகளாக மாற்றினாள். கடைசியில் மாடிவாரியாகச் சேர்த்தாள். நாற்பத்தாறு வரி ஒன்பது வரியானது. புதுச் சட்டை போட்டவள் ஆளில்லாத நேரத்தில் கண்ணாடி பார்ப்பது போல, அந்த ஒன்பது வரியை நாலைந்து முறை பார்த்துக்கொண்டாள். ஒரு மாதத்துப் பழைய கணக்கை இரண்டு புரோகிராமிலும் ஓட்டிப் பார்த்தாள். ஓர் எண்கூட மாறவில்லை.

மிச்சம் ஒரு கையெழுத்து. 'புதிய புரோகிராம் சரியாக இயங்குகிறது' என்று சலவைப் பிரிவின் பொறுப்பாளர் எழுதித் தர வேண்டும்.

"இன்னும் ரெண்டு வாரத்துல உன் பயிற்சிக் காலம் முடியுது" என்றார் தலைவர். "கையெழுத்தோட வா, நிரந்தரம் பண்ணச் சொல்லி எழுதறேன். இல்லேன்னா..." அவர் நல்ல மனிதர். 'இல்லேன்னா'வுக்குப் பிறகு நெற்றியைச் சொறிந்துகொண்டார்.

இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். இது இரண்டாவது வேலை. முதல் வேலையில் ஆறு மாதம் தலை நிமிராமல் உழைத்தாள். கடைசி நாள் விடைபெறப் போனபோது மேலாளர் எழுந்து கைகொடுத்து, "புதுசா சேர்ந்திருக்கீங்களா? வாங்க வாங்க" என்றார்.

அந்த வேலை போனதை அம்மா குடியிருப்பில் யாரிடமும் சொல்லவில்லை. இந்த வேலை கிடைத்ததை மட்டும் எல்லாரிடமும் சொன்னாள். இன்னொரு முறை அம்மாவால் அப்படிச் சமாளிக்க முடியாது.

கீழே எது பேசுவதென்றாலும் போனில் பேசுவதுதான் அந்த மருத்துவமனையின் வழக்கம். அவளுக்கோ நேரில் பேசுவதைவிட போனில் பேச இன்னும் பயம். அதனால்தான் நேரில் போனாள்.

போய், ஒரு தலையணை உறைக் குறையோடு திரும்பினாள்.

ஒன்பது வரியையும் துளைத்துப் பார்த்தாள். தப்பில்லை. ஆனால் அக்கா குறைகிறது என்கிறார். கையில் துணியை வைத்திருப்பவர் அவர். யோசித்து யோசித்து, வடிகட்டும் வரியில் சந்தேகப்பட்டாள். சீட்டுப் போடும் நேரத்தில் ஒருவர் வீட்டுக்குப் போய், அடுத்த நிமிடமே இன்னொருவர் அதே படுக்கைக்கு வந்தால்? அதுதான்! காலிப் படுக்கையையும் சேர்த்துக்கொள் என்று அந்த வரியைத் தளர்த்தினாள்.

செவ்வாய்க்கிழமை கீழே போனபோது அக்கா சிரித்தார். "உறை சரியாயிடுச்சு."

அவள் படிவத்தை நீட்டினாள். அக்கா படிவத்தைப் பார்த்தார். பிறகு தள்ளுவண்டிக்காரரைப் பார்த்தார். தள்ளுவண்டிக்காரர் தொண்டையைச் செருமினார்.

"வரிசை சரியில்ல மேடம். முன்னெல்லாம் சீட்டு கீழ இருந்து மேல போகும். இப்ப மேல இருந்து கீழ வர்ற மாதிரி இருக்கு."

"இதுலயும் முதல் மாடிதானே முதல்ல இருக்கு?"

"எழுத்துல இருக்கு மேடம். நடக்கறப்போ அப்படித் தெரியல. முட்டி சொல்லுது."

முட்டி சொல்வதை மறுத்துப் பேச அவளிடம் எந்த ஆதாரமும் இல்லை. குறித்துக்கொண்டாள். கிளம்பும்போது மடிப்புப் பெண்களில் நெட்டையானவள், "அப்புறம் மேடம், ஸ்டோர் ரூம்லயும் விரிப்பு போட்டாச்சு" என்றாள்.

"ஸ்டோர் ரூம்லயா?"

"உடைஞ்ச கட்டில் பதினொண்ணு கிடக்குல்ல? சீட்டுல வந்துச்சு. போட்டோம். தலையணையும் வெச்சோம்."

"இப்பதான் அந்த ரூம் பாக்கறதுக்கு ரூம் மாதிரி இருக்கு" என்றாள் குட்டையானவள்.

அவர்கள் குரலில் கோபமே இல்லை. அவளுக்குத்தான் உடம்பெல்லாம் வியர்த்தது. மேலே ஓடி வடிகட்டியைப் பழையபடி இறுக்கினாள். கையோடு, அறை எண்படி வரிசைப்படுத்து என்று ஒரு வரி சேர்த்தாள். ஒன்பது வரி பத்தானது.

கம்ப்யூட்டருக்கு அறை எண் என்பது எண்ணாகத் தெரியவில்லை, எழுத்தாகத் தெரிந்தது. அதற்கு ஒன்றுக்கு அடுத்து பத்து, பதினொன்று, பன்னிரண்டு. அதெல்லாம் முடிந்த பிறகு இரண்டு. புதன்கிழமை காலை பத்தரைக்கு அவளே இதைக் கண்டுபிடித்து, லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியிறங்கி ஓடினாள்.

தள்ளுவண்டிக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, முதல் ரூம்லேர்ந்து பத்தாவது ரூமுக்குப் போயிட்டு, அப்புறம் திரும்பி ரெண்டாவது ரூமுக்கா வந்தீங்க?"

"ஆமா மேடம்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்றதுக்கு என்ன இருக்கு? நல்ல நடை. டாக்டரும் நடங்க நடங்கன்னு சொல்லிட்டுத்தான் இருக்காரு."

"அப்ப வரிசை?"

"வரிசை இப்ப பிரமாதம்."

அவள் படிவத்தை எடுத்தாள். அக்கா நெட்டையைப் பார்த்தார். நெட்டை கையிலிருந்த விரிப்பைக் கீழே வைத்தாள்.

"சீட்டு ஒரே மூச்சுல வந்துடுது மேடம். முன்ன ஒரு மாடி வரும், நிக்கும், அடுத்த மாடி வரும். நடுவுல நாங்க மூச்சு விட்டுக்குவோம். இப்ப மூச்சு விட நேரமில்ல."

அவளுக்குச் சந்தோஷமாகப் போய்விட்டது. மூன்று நாளில் புரிகிற மாதிரி வந்த முதல் குறை இது. லூப் போகிற போக்கில் பார்த்ததைச் சொல்லிக்கொண்டே போகும். ஸ்ட்ரீம் எல்லாவற்றையும் சேர்த்துக் கடைசியில் ஒரேயடியாகக் கொட்டும். நியாயம்தான். இதை அவர்களிடம் விளக்க வாயெடுத்தபோது, அவளுக்குப் பின்னால் யாரோ ஒரு சோப்புத் தூள் டிரம்மைக் கவிழ்த்து, மேலே மடித்த விரிப்பு ஒன்றைப் போட்டிருப்பது தெரிந்தது.

"உக்காந்து பேசு" என்றார் அக்கா. "இங்க நாற்காலி கிடையாது. யாரும் வந்தாத்தானே நாற்காலி? பதினொரு வருஷமா மேல இருந்து போன்தான் வரும்."

அவள் டிரம்மின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

மேலே போனதும், மாடிக்கு ஒரு நிமிடம் நில் என்று எழுதினாள். எழுதியவள் ஒன்றை மறந்தாள். அவளுடைய ஒன்பது வரிகளின் அழகே, அதில் மாடி என்று தனியாக எதுவும் நடுவில் நிற்காது என்பதுதான். எல்லாம் ஒரே வரிசையில் ஓடும் படுக்கைகள். 'ஒரு நிமிடம் நில்' ஒவ்வொரு படுக்கையிலும் போய் ஒட்டிக்கொண்டது.

அன்று ஆள் இருந்த படுக்கைகள் இருநூற்றுப் பன்னிரண்டு.

வியாழக்கிழமை அவள் போனபோது பிரிண்டரைச் சுற்றி ஐந்து பேரும் டீயோடு உட்கார்ந்திருந்தார்கள். பிரிண்டர் நிமிடத்துக்கு ஒரு வரி துப்பியது. ஒவ்வொரு வரிக்கும் குட்டை எழுந்து நின்று, பரிசு விழுந்த எண்ணைப் படிப்பது போலப் படித்தாள்.

"முதல் மாடி, நாலாம் ரூம், ரெண்டாம் படுக்கை... விரிப்பு ஒண்ணு!"

"அடிச்சாண்டா!" என்றார் தள்ளுவண்டிக்காரர்.

"ஐயோ, இது மூணரை மணி நேரம் ஆகும். துணி இன்னும் போகலையா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் ஏழு மணிக்கே போயாச்சு" என்றார் அக்கா.

"சீட்டு இல்லாமலா?"

"ஒரு குத்துமதிப்பா அனுப்பிட்டேன். நீ டீய குடி."

அவளுக்கென்று ஒரு குவளை தனியாக இருந்தது. குடித்தாள். அடுத்த வரி வந்தது. "அதே ரூம், மூணாம் படுக்கை... ஆள் யாரு தெரியுமா? நேத்து என்னப் பாத்து முறைச்ச தாத்தா! விரிப்பு ஒண்ணு!" அவளுக்குச் சிரிப்பு வந்து, டீ மூக்கில் ஏறி, நெட்டை முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. இந்தக் கட்டடத்துக்குள் அவள் சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல் முறை. சத்தம் அவளுக்கே புதிதாக இருந்தது.

"ஏம்மா, அந்த லூப்பு, ஸ்ட்ரீம்னு என்னவோ சொன்னியே. அது என்னதான்?" என்று அக்கா கேட்டார்.

அவள் சுற்றிப் பார்த்தாள். மேலிருந்து குழாய் வழியே அழுக்குத் துணி வந்து விழுந்துகொண்டிருந்தது. "இதுதாங்க்கா. துணி வந்துட்டே இருக்கு. கிழிஞ்சத நீங்க தனியா எடுத்துடறீங்க. அது வடிகட்டறது. மிஷின்ல போட்டா அழுக்கு வெள்ளையா மாறுது. அது மாத்தறது. இவங்க ரெண்டு பேரும் மடிச்சு அடுக்கறாங்க. அது சேக்கறது. யாரும் எங்கயும் போக வேண்டாம், துணிதான் வருது. லூப்புங்கறது, ஒரு ஆள் மாடி மாடியா ஏறி, ஒவ்வொரு ரூமுக்கும் போய், ஒவ்வொரு துணியா கையில எடுத்துட்டு வந்து துவைக்கற மாதிரி."

அக்கா துணிக் குழாயை நிமிர்ந்து பார்த்தார். "இதுக்கா ரெண்டு நாள் பயிற்சி? எங்ககிட்ட கேட்டிருக்கலாமே உங்க சாரு."

"இன்னொண்ணுங்க்கா. ஸ்ட்ரீம் ஒரு சோம்பேறி. கடைசில யாராவது 'எங்க, குடு'ன்னு கேட்டாத்தான் மொத்தமும் ஓடும். யாரும் கேக்கலேன்னா எல்லாத்தையும் தயாரா வெச்சுட்டு சும்மா நிக்கும்."

"சோம்பேறின்னு சொல்லாத" என்றார் அக்கா. "கூச்சமா இருக்கும் அதுக்கு."

அவள் குவளைக்குள் பார்த்துக்கொண்டாள்.

படிவத்தை நீட்டும் நேரம் வந்தது. இந்த முறை குட்டை. "போர்வைக்கு அப்புறம் துண்டு வருது மேடம். துண்டுதான் முதல்ல வரணும். துண்டுக்குன்னு ஒரு மரியாதை இருக்கு." மரியாதை கொடுத்தாள். கொடுத்த அவசரத்தில் மாடிவாரியாகச் சேர்க்கும் வரியைத் துணிவாரியாக மாற்றிவிட்டாள். வெள்ளிக்கிழமைச் சீட்டில் மொத்தமே நான்கு வரி. முதல் வரி: துண்டு, 636. எந்த மாடிக்கு என்று சீட்டுக்கே தெரியாது.

"சுருக்கமா நல்லா இருக்கு" என்றார் அக்கா.

அன்று எல்லாரும் இஸ்திரிக்காரரைப் பார்த்தார்கள். மாதத்துக்கு நாலு வார்த்தை பேசுகிற மனிதர். அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். சீட்டைத் தொட்டார். கையை எடுத்துக்கொண்டார்.

"சூடு" என்றார்.

அந்த ஒரு சொல்லைச் சனி, ஞாயிறு முழுக்க அவள் சுமந்து திரிந்தாள். கணிப்பொறி சூடாகிறதா? ஒரே நேரத்தில் அத்தனை படுக்கையும் ஓடினால் ஆகுமோ?

"அக்கா சூடு பத்தி ஒண்ணுமே சொன்னதில்லம்மா. அண்ணன்தான் சொன்னாரு. ஆனா அவரு சும்மா சொல்ல மாட்டாரு" என்றாள், சாப்பிட்டுக்கொண்டே.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "யாருடி அந்த அக்கா? யாரு அண்ணன்? திங்கக்கிழமைலேர்ந்து வாயத் திறந்தா அக்கா, நெட்ட, குட்ட, முட்டி..."

"சலவைப் பிரிவும்மா. புரோகிராம்ல குறை வந்துட்டே இருக்கு."

"வரட்டும்" என்றாள் அம்மா. "நீ பேசப் பழகினதுலேர்ந்து சாப்பிடறப்போ இவ்ளோ பேசி நான் கேட்டதில்ல."

"கையெழுத்து கிடைக்கலேன்னா வேலை போயிடும்மா."

அம்மா இன்னொரு கரண்டி போட்டாள்.

இரண்டாவது வாரம் முதல் வாரத்தைப் போலவே ஓடியது, கொஞ்சம் வேகமாக. பிரிண்டரிலிருந்து வருகிற காகிதம்தான் சூடாக இருக்கிறது என்று திங்கட்கிழமை தெரிந்தது. பிரிண்டரை ஜன்னல் பக்கம் நகர்த்தினாள்; ஒயர் எட்டவில்லை; அன்று சீட்டே வரவில்லை. அன்றைக்கு அக்காவுக்கு ஐந்தாவது மாடிப் போர்வை மேல் சந்தேகம். செவ்வாயன்று தள்ளுவண்டிக்காரர், சீட்டின் இடது ஓரம் கொஞ்சம் அகலம் என்றார். புதனன்று நெட்டைக்கு '7' என்ற எண் '1' மாதிரி இருந்தது. வியாழனன்று குட்டை, சீட்டில் என்னவோ ஒரு உயிர் இல்லை என்றாள். எல்லாவற்றுக்கும் அவள் ஒரு வரி சேர்த்தாள். சேர்த்த வரி எங்கோ உடைத்தது. உடைந்ததற்கு இரண்டு வரி. ஒன்பது வரி ஐம்பத்தெட்டானது. தலைவருக்குப் பயந்து ஒளித்து வைத்திருந்தாள், ஆனால் அதில் இப்போது ஒரு லூப்பும் இருந்தது.

மதியச் சாப்பாட்டு டப்பாவை அவள் கீழேயே கொண்டுபோகத் தொடங்கியிருந்தாள். டிரம்முக்கு யாரோ முதுகு சாய ஒரு பலகை கட்டியிருந்தார்கள்.

வியாழக்கிழமை மாலை தலைவர் அவள் மேசைக்கே வந்தார். "கையெழுத்து?"

"இல்ல சார்."

"நாளைக்கு சாயங்காலம் நான் அறிக்கை எழுதியாகணும்மா. அந்தம்மாவுக்கு நான் ஒரு போன் போட்டுச் சொல்லட்டுமா?"

"வேண்டாம் சார்." அவள் இவ்வளவு வேகமாக அவருக்குப் பதில் சொன்னதில்லை. "வேலை போயிடும்னு சொல்லி வாங்கக் கூடாது சார். புரோகிராம் சரியா இருந்தா அவங்களே போடுவாங்க."

தலைவர் நெற்றியைச் சொறிந்துகொண்டே போனார்.

அவள் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு கிழித்தாள். இடது பக்கம், அவர்கள் சொன்ன குறைகள். வலது பக்கம், அவளாகக் கண்டுபிடித்த பிழைகள். எழுதி முடித்துவிட்டுப் பார்த்தாள். அவர்கள் சொன்ன குறை ஒன்றைக்கூட அவளால் பிழையாகப் பார்க்க முடியவில்லை. அவள் கண்ணால் பார்த்த பிழை ஒன்றைக்கூட அவர்கள் குறையாகச் சொல்லவில்லை. உடைந்த கட்டிலுக்கு விரிப்புப் போட்டவர்கள், மாடிக்கு மாடி முன்னும் பின்னும் நடந்தவர்கள், மூன்றரை மணி நேரம் காத்திருந்தவர்கள், யாருமே அதைப் பற்றி முகம் சுளிக்கவில்லை. மேல் மாடிகளிலிருந்தும் துணி வரவில்லை என்று ஒரு போன்கூட இல்லை.

அறிவியல் படித்தவள். இதற்கு ஒரே ஒரு முடிவுதான் வர முடியும் என்று அவளுக்குத் தோன்றியது: தனக்கு இந்த வேலை வராது.

அப்படித் தீர்மானமானதும் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. ஐம்பத்தெட்டு வரியையும் அழித்தாள். முதல் நாள் எழுதிய ஒன்பது வரியை எடுத்து வைத்தாள். போகிறபோது நல்லதை விட்டுவிட்டுப் போகலாம்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குச் சீட்டோடும் படிவத்தோடும் கீழே போனாள். டிரம்மில் உட்காரவில்லை. சீட்டை மேசையில் விரித்தாள்.

அக்கா சீட்டைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து இஸ்திரிக்காரரைப் பார்த்தார். மற்ற மூன்று பேரும் இஸ்திரிக்காரரைப் பார்த்தார்கள்.

அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தார். சீட்டைக் கையில் எடுத்தார். முன்னால் பார்த்தார். திருப்பிப் பின்னால் பார்த்தார். விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். மோந்துகூடப் பார்த்தார். நெற்றியில் வியர்வை அரும்பியது. வாயைத் திறந்தார். மூடினார்.

"யோசிச்சு சொல்லுங்கண்ணே" என்று நெட்டை மெதுவாகச் சொன்னாள்.

சலவை இயந்திரம் ஒன்று சுற்றி முடித்து நின்றது.

"அண்ணே" என்றாள் அவள். ஒத்திகை எதுவும் பார்க்கவில்லை. "இருந்தா சீக்கிரம் சொல்லிடுங்க. இன்னிக்கு சாயங்காலத்தோட எனக்கு ஆறு மாசம் முடியுது. இந்தக் கையெழுத்து இல்லேன்னா திங்கக்கிழமைலேர்ந்து நான் இங்க இருக்க மாட்டேன். அதுக்காகப் போட வேண்டாம். தப்பா இருந்தா போடவே வேண்டாம். எனக்கு மேல என்ன செய்யறதுன்னு தெரியல, அவ்வளவுதான். நீங்கல்லாம் ரொம்ப பொறுமையா இருந்தீங்க. அந்த டீ..." சொல்லி முடிக்காமல் படிவத்தை மேசையில் வைத்தாள்.

அக்கா மேசையைச் சுற்றி அவளிடம் வந்தார்.

"இருக்க மாட்டியா?" என்றார் அக்கா. "திங்கக்கிழமை இருக்க மாட்டியா? இத ஏண்டி முதல் நாளே சொல்லல?"

"அது எப்படிங்க்கா சொல்றது..."

"பேனா! யாருகிட்டடா பேனா இருக்கு?"

தள்ளுவண்டிக்காரர் காதிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அக்கா சீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். கையெழுத்துக்கென்று மூன்று இடம் இருந்தது. மூன்றிலும் போட்டார். தலைவர் போட வேண்டிய இடத்திலும் போட்டார். தேதியைப் போட்டு, கீழே இரண்டு கோடும் கிழித்தார்.

"போதுமா? இன்னும் எங்கயாவது வேணுமா?"

அவள் படிவத்தைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க சீட்டையே பாக்கலையே. இது முதல் நாள் கொடுத்த அதே புரோகிராம். ஒரு எழுத்துகூட மாத்தல. அந்தத் தலையணை உறை... வரிசை..."

அக்கா ஏற்கெனவே மடித்திருந்த விரிப்பு ஒன்றைப் பிரித்து மறுபடி மடிக்கத் தொடங்கினார். நெட்டை குட்டையைப் பார்த்தாள். குட்டை கூரையைப் பார்த்தாள். தள்ளுவண்டிக்காரருக்கு வண்டிச் சக்கரத்தில் திடீரென்று ஏதோ வேலை வந்துவிட்டது.

இஸ்திரிக்காரர் மட்டும் கையில் சீட்டோடு அப்படியே நின்றார்.

"மன்னிச்சுக்கங்க மேடம்" என்றார். "நீங்க மறுநாளும் வரணும்னா நாளுக்கு ஒருத்தர் ஒரு குறை சொல்லணும்னு முறை போட்டிருந்தோம், இன்னிக்கு என் முறை, எவ்வளவு யோசிச்சும் ஒண்ணும் தோணல."